விண்நோக்கல் இதழ்: விளம்பரத்தில் சொடுக்கு வருகிறது, வாசகர் சேரவில்லை. உதவி தேவை

கேள்வி

வணக்கம். வெறும் கண்ணாலும் சிறு தொலைநோக்கியாலும் வானம் பார்ப்பவர்களுக்கான தமிழ் இணைய இதழ் இது. வேர்ட்பிரஸில் நடக்கிறது, 40 கட்டுரைகள் இருக்கின்றன. விளம்பரத்துக்கு ஒதுக்க முடிவது தளத்தின் மாதச் செலவுக்கு ஈடான தொகை மட்டுமே. ஃபேஸ்புக்கில் மூன்று முறை 'பூஸ்ட் போஸ்ட்' (பதிவைக் காசு கொடுத்துப் பரப்புவது) கொடுத்தாயிற்று. 900 சொடுக்கு என்று காட்டியது, தளக் கணக்கில் 310 வருகைதான். மின்மடலில் சேர்ந்தவர்கள் 4 பேர். அந்த மடலும் பலருக்கு ஸ்பேமில் விழுகிறது. வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் படம் வரவில்லை, சுட்டியும் அரைப் பக்கம் நீள்கிறது. கையில் இருப்பதை எதில் போடலாம்?

பதில் 1

இப்போதைக்கு எதிலும் போடாதீர்கள். வருகிறவர்கள் தங்குவதற்கு வழி இல்லாதபோது விளம்பரம் ஓட்டைப் பானையில் ஊற்றும் தண்ணீர்தான்.

முதலில் மடல். உங்கள் மடல் ஒன்றை ஜிமெயிலில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' பாருங்கள். மடல் உண்மையில் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறதா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்று சோதனைகளுக்கும் 'பாஸ்' இருக்க வேண்டும். அடிக்கடி நடக்கும் பிழை: தளத்துக்கு ஏற்கெனவே ஒரு எஸ்பிஎஃப் பதிவு இருக்கும், மடல் சேவையில் சேரும்போது இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்துவிடுவார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் சோதனையே பிழை என்று முடிந்துவிடும். இரண்டிலும் உள்ள 'இன்க்ளூட்' பகுதிகளை (எந்தச் சேவை உங்கள் பெயரில் அனுப்பலாம் என்பவை) ஒரே வரியில் சேர்த்துவிட்டு மற்றதை நீக்குங்கள். அனுப்புநர் முகவரி ஜிமெயில் முகவரியாக இருந்தால் அதையும் மாற்றி, உங்கள் டொமைனிலிருந்தே அனுப்புங்கள். மடல் சேவை வழியாக ஜிமெயில் பெயரில் அனுப்பினால் டிமார்க் பொருந்தாது.

இன்னொன்று, முழுக் கட்டுரையையும் மடலில் கொட்டாதீர்கள். சுமார் 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மடலை வெட்டிவிடும். தமிழில் ஒவ்வொரு குறியும் (எழுத்தும், அதோடு சேரும் புள்ளி, கொம்பு போன்றவையும் தனித்தனியே) 3 பைட் என்பதால் நாம் அந்த எல்லையை ஆங்கில மடலைவிட வெகு சீக்கிரம் தொடுகிறோம். வெட்டுப்படுவது அடிப்பகுதி. விலகும் சுட்டி அங்கேதான் இருக்கும். அது கண்ணில் படாதவர் 'ஸ்பேம்' பொத்தானை அழுத்துவார், பாதிப்பு எல்லா மடலுக்கும் வரும்.

பதில் 2

சுட்டி நீள்வதற்கும் அதே 3 பைட்தான் காரணம். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக எழுதப்படுவதால் ஒரு தமிழ்க் குறி 9 எழுத்தாக விரியும். 'கட்டுரை' என்ற ஒரு சொல்லில் 7 குறிகள், ஆக 63 எழுத்து. வேர்ட்பிரஸ் முகவரித் துண்டை (சுட்டியின் கடைசியில் தலைப்பிலிருந்து உருவாகும் பகுதி) 200 எழுத்தோடு நிறுத்திவிடுவதால் சுமார் 22 குறிக்கு மேல் போனால் தலைப்பு பாதியில் அறுந்து நிற்கும். தலைப்பு தமிழில் இருக்கட்டும். முகவரித் துண்டை மட்டும் இரண்டு மூன்று சொல்லில் ரோமன் எழுத்தில் கையால் எழுதுங்கள்.

முன்னோட்டப் படம் 1200 × 630 பிக்சலில், 300 கேபிக்குள் இருந்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. பக்கத்தின் நிரலில் முன்னோட்டப் படத்தைக் குறிக்கும் 'ஓஜி இமேஜ்' வரியில் படத்தின் முழு முகவரி, எச்டிடிபிஎஸ்ஸோடு இருக்க வேண்டும். சரிசெய்த பிறகும் வாட்ஸ்அப் பழையதையே காட்டினால், முகவரிக்குப் பின்னால் கேள்விக்குறியும் ஏதேனும் ஓர் எண்ணும் சேர்த்து அனுப்பிப் பாருங்கள். புதிதாக எடுத்துக்கொள்ளும்.

பதில் 3

900க்கும் 310க்கும் உள்ள இடைவெளி பற்றி. பக்கம் திறக்கும் முன்னே மூடியவர்களும், விளம்பரத்தின்மேல் தவறி விரல் பட்டவர்களும் அதில் இருப்பார்கள். 'பூஸ்ட்' பொத்தானை விட்டுவிட்டு ஃபேஸ்புக்கின் ஆட்ஸ் மேனேஜரில் 'டிராஃபிக்' எடுத்து, இலக்காக 'லேண்டிங் பேஜ் வியூஸ்' (பக்கம் முழுதாகத் திறந்த வருகை) வையுங்கள். அதற்குத் தளத்தில் வருகையை ஃபேஸ்புக்குக்குச் சொல்லும் 'பிக்சல்' என்ற சிறு நிரலை நிறுவியிருக்க வேண்டும். விளம்பரம் தோன்றும் இடங்களில் 'ஆடியன்ஸ் நெட்வொர்க்' (வேறு செயலிகளில் விளம்பரம் காட்டுவது) குறியை எடுத்துவிடுங்கள். 'மடலில் சேர்ந்தவர்' என்பதை நேரடி இலக்காக வைக்க ஆசை வரும். ஆனால் ஒரு விளம்பரத் தொகுதி கற்றல் நிலையை (யாருக்குக் காட்டலாம் என்று ஃபேஸ்புக் பழகும் காலம்) கடக்க வாரத்துக்குச் சுமார் 50 நிகழ்வு தேவை. சிறு தொகையில் அது எட்டாது.

முகப்புப் பக்கத்துக்கு விளம்பரம் கொடுக்காதீர்கள். ஒரே கட்டுரைக்குக் கொடுங்கள், அதன் நடுவிலேயே மடல் படிவம் இருக்கட்டும்.

கேட்டவர்

எஸ்பிஎஃப் இரண்டு இருந்தது உண்மைதான். சேர்த்ததும் மூன்றும் 'பாஸ்'. எந்தக் கட்டுரையைத் தேர்வது?

பதில் 2

ஆண்டுதோறும் தேடப்படுவதை. உங்கள் துறையில் இது பெரிய கொடை: பெர்சீட் எரிமீன் பொழிவு ஆகஸ்ட் 12, 13 வாக்கிலும் ஜெமினிட் பொழிவு டிசம்பர் 13, 14 வாக்கிலும் தவறாமல் உச்சம் தொடும். ஆண்டுக்கொரு புதுப் பக்கம் போடாமல், ஆண்டு எண் இல்லாத ஒரே முகவரியை வைத்து, உச்சத்துக்கு ஆறு வாரம் முன்பே நிலவின் நிலையையும் நேரத்தையும் புதுப்பியுங்கள். பழைய இணைப்புகளின் பலம் அங்கேயே சேரும். விளம்பரத் தொகையை மாதாமாதம் சிதறவிடாமல் உச்சத்துக்கு முந்தைய பத்து நாளில் குவியுங்கள்.

தலைப்பில் மக்கள் தட்டும் சொல்லே வர வேண்டும். 'எரிமீன் பொழிவு' அழகான சொல், கட்டுரைக்குள் தாராளமாக இருக்கட்டும். தேடுபவர் 'விண்கல் மழை' என்று தட்டினால் தலைப்பு அதைத்தான் சொல்ல வேண்டும். எந்தச் சொல் என்பதைக் கூகுளின் சர்ச் கன்சோல் காட்டும். தேடல் முடிவில் சராசரி இடம் 8 முதல் 20 வரை, காட்சி (முடிவில் தோன்றிய எண்ணிக்கை) அதிகம், சொடுக்கு குறைவு: அப்படிப்பட்ட வினவல்கள்தான் உடனே பலன் தரும். அங்கே 16 மாதத் தரவு மட்டுமே நிற்கும் என்பதால் உச்ச மாத எண்களை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 1

மடல் திறப்பு விகிதத்தை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். 2021 முதல் ஆப்பிள் மெயிலின் தனியுரிமைக் காப்பு, திறக்காத மடலையும் திறந்ததாகக் காட்டக்கூடும். சொடுக்கையும் பதில் மடலையும் எண்ணுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் தனி யுடிஎம் குறி (வருகை எங்கிருந்து என்று காட்ட, சுட்டியின் பின்னால் சேர்ப்பது) கொடுத்தால், செலவைச் சேர்ந்த வாசகர் எண்ணால் வகுத்து ஒப்பிட முடியும்.

கேட்டவர்

நன்றி. ஏற்கெனவே பகிர்ந்த நீளச் சுட்டிகள் செத்துவிடுமா?

பதில் 2

வெளியான கட்டுரையின் முகவரித் துண்டை மட்டும் மாற்றினால் வேர்ட்பிரஸே பழையதிலிருந்து திருப்பிவிடும். பிரிவின் பெயரையும் சேர்த்து மாற்றினால் அந்த உத்தரவாதம் இல்லை, 301 திருப்பத்தை (பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் கட்டளை) நீங்களே எழுத வேண்டும். ஒரு கட்டுரையில் மாற்றி, பழைய சுட்டியை மறைநிலைச் சாளரத்தில் திறந்து பார்த்துவிட்டு மற்ற 39க்கும் போங்கள்.