ஆல்ஜினேட் ஜெல்: ஓரம் ரப்பர், நடுவுல கூழ். எங்கே தப்பு?

காட்பாடி_லேப்:
புண்ணு மேல வைக்கிற ஜெல் தகடு செய்யணும். 2 சதவீத சோடியம் ஆல்ஜினேட் (கடல்பாசியில எடுக்கிற பொருள்) கரைசல் மேல 100 மில்லிமோலார் (லிட்டருக்கு 100 மில்லிமோல்) கால்சியம் குளோரைடு ஊத்தினா ஓரம் மட்டும் இறுகுது. அதுக்கு முன்னாடியே கரைசல்ல கட்டி நிக்குது. தண்ணி வேலூர் போர் தண்ணி, வடிகட்டினதுதான். செஞ்சதும் பிபிஎஸ்ல (பாஸ்பேட் கலந்த உப்புக்கரைசல்) போட்டா இளகிடுது.

பாலாத்து_மணல்:
வடிகட்டினா மண்ணு போகும், கால்சியம் போகாதுங்க. கடினத்தன்மை கால்சியம் கார்பனேட் கணக்குல 400 பிபிஎம்னு வைங்க, அத்தனையும் கால்சியம்னா 4 மில்லிமோலார். ஜெல் அங்கேயே ஆரம்பிச்சிடும். டிடிஎஸ் (கரைஞ்ச மொத்த உப்பு) மீட்டரை நம்பாதீங்க, அது எந்த உப்புன்னு சொல்லாது. இடிடிஏ டைட்ரேஷன் (கடினத்தன்மையை அளக்கிற சோதனை) போடுங்க. அயனி நீக்கின தண்ணிக்கு மாறுங்க. பொடியை மொத்தமா கொட்டாம, சுழல்ற தண்ணியில தூவுங்க.

ஓரம் இறுகுறது வேற கதை. ஆல்ஜினேட் சங்கிலியில இருக்கிற குலுரோனிக் அமிலத் தொடர் ரெண்டு சேர்ந்தா முட்டை அட்டை மாதிரி குழி வரும், அதுல கால்சியம் உட்காரும். கால்சியம் குளோரைடுல இது தொட்ட நொடியில நடக்குது. முதல்ல உறையுற தோல், உள்ளே போற கால்சியத்தைத் தாமதப்படுத்துது.

ஜிடிஎல்_ரசிகன்:
அதனால கால்சியத்தை உள்ளேயே வச்சு மெதுவா விடணும். 100 மில்லிக்கு: ஆல்ஜினேட் 1 கிராம், 80 மில்லி தண்ணியில. நைஸ் கால்சியம் கார்பனேட் 0.15 கிராம், 10 மில்லியில கலக்கிச் சேருங்க. கடைசியா குளுக்கோனோ டெல்டா லாக்டோன் 0.53 கிராம், 10 மில்லியில அப்பப்போ கரைச்சு ஊத்தி, உடனே அச்சுல விடுங்க. லாக்டோன் மெதுவா அமிலமாகி, கார்பனேட்டைக் கரைச்சு கால்சியத்தை விடும். ராத்திரி முழுக்க அசைக்காதீங்க. கார்பனேட்டுக்கு லாக்டோன் மோல் கணக்கு 1:2; லாக்டோன் கூடினா புளிச்சுப் போகும். கார்பனேட் கரடுமுரடா இருந்தா அடியில படிஞ்சு, அடி கெட்டி, மேல தண்ணி.

பிபிஎஸ்ல பாஸ்பேட் கால்சியத்தைப் பிடுங்கும், அந்த இடத்தில சோடியம் ஏறும். ஹெப்பீஸ் (பாஸ்பேட் இல்லாத பஃபர்) உப்புக்கரைசல்ல 2 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு போட்டு வைங்க. ஆட்டோகிளேவும் (அழுத்த நீராவியில கிருமி நீக்கிறது) வேண்டாம், சங்கிலி உடைஞ்சு ஜெல் பலவீனமாகும்.

காட்பாடி_லேப்:
நன்றி. கால்சியமே இல்லாம புளியங்கொட்டைப் பசையில முடியுமா?

பாலாத்து_மணல்:
அப்படியே போட்டா வெறும் பசைதான். கிளையில இருக்கிற கேலக்டோஸ்ங்கிற சர்க்கரை, சங்கிலிகளை ஒட்டவிடாது. பீட்டா கேலக்டோசிடேஸ்ங்கிற நொதியைக் கொடுத்து அந்த கேலக்டோஸை 35 சதவீதத்துக்கு மேல வெட்டினா, குளிர்ல திரவம், உடம்புச் சூட்டுல ஜெல். சொட்டு மருந்து மாதிரி ஊத்திக்கலாம். வெட்டின அளவு கூடக்கூட உறையுற வெப்பநிலை இறங்கும், அதனால நேரம் பார்த்து நொதியைக் கொதிக்கவச்சு நிறுத்துங்க. வேலூர் வெயில்ல பாட்டிலை ஃபிரிட்ஜுக்கு வெளியே வைக்காதீங்க.