குளிர்காலத்தில் தோட்டத்து மீன் குளத்துக்கு எந்த ஹீட்டர் வாங்கலாம்?

அல்லிக்குளம்:
வணக்கம் நண்பர்களே. தோட்டத்தில் குளம் வெட்டிய பிறகு வரும் முதல் குளிர்காலம் இது. 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், நடு ஆழம் 90 செ.மீ. ஓரங்கள் சரிவு என்பதால் சுமார் 4000 லிட்டர் தண்ணீர் இருக்கும். அடியில் ரப்பர் லைனர். கோல்டு ஃபிஷ் ஒரு கூட்டம், கூடவே நான்கு கோய் (வண்ணக் கெண்டை மீன்).

விடியற்காலையில் ஓரமெல்லாம் மெல்லிசாகப் பனிக்கட்டி கட்டத் தொடங்கிவிட்டது. 150 வாட் மிதவை ஹீட்டரிலிருந்து 3 கிலோவாட் வரைக்கும் விற்கிறார்கள். 3 கிலோவாட் போட்டுத் தண்ணீரை 18 டிகிரியில் வைத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். மீன்கள் அசையாமல் அடியிலேயே கிடக்கின்றன. தீனி போட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்கவே மனசு கேட்கவில்லை. என்ன வாங்கலாம், சொல்லுங்கள்.

கோய்வளர்ப்பான்:
முதலில் தீனியை நிறுத்துங்கள், இன்றைக்கே. தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் கோய்க்கும் கோல்டு ஃபிஷ்ஷுக்கும் செரிமானம் மந்தமாகிவிடும். போட்ட தீனி அடியில் அழுகி அமோனியாவாக மாறும். அதைச் சரிக்கட்ட வேண்டிய ஃபில்டர் பாக்டீரியாவும் குளிரில் சுணங்கித்தான் இருக்கும். நடுவில் ஒருநாள் நல்ல வெயில் அடித்து மீன்கள் மேலே வந்தாலும் ஏமாந்துவிடாதீர்கள். ராத்திரி திரும்பக் குளிர்ந்தால் வயிற்றில் இருப்பது செரிக்காமல் நிற்கும்.

அவை அசையாமல் கிடப்பது நோய் இல்லை. கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். உடம்பு நேராக இருக்கும், பக்கத் துடுப்பு மட்டும் லேசாக விசிறும், செவுள் மூடி நிதானமாகத் திறந்து மூடும். அப்படி இருந்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தாலோ, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினாலோதான் கவலைப்பட வேண்டும்.

இப்போது 18 டிகிரி கணக்கு. ஒரு யூனிட் கரண்ட் சுமார் 860 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்றும். 4000 லிட்டரை 4-லிருந்து 18-க்குக் கொண்டுபோக 65 யூனிட் வேண்டும். அதுவும் சூடு கொஞ்சமும் வெளியே போகாமல் இருந்தால்! உங்கள் குளத்தில் 6 சதுர மீட்டர் தண்ணீர் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது, காற்று அடிக்க அடிக்கச் சூடு போய்க்கொண்டே இருக்கும். கடுங்குளிரில் அந்த 3 கிலோவாட்டும் இழப்பை ஈடுகட்டவே சரியாகப் போய்விடும். இடையில் கரண்ட் போனால் 18 டிகிரிக்குப் பழகிய மீன் மளமளவென்று குளிரும் தண்ணீரில் மாட்டிக்கொள்ளும். எனக்கு அதுதான் பெரிய பயம்.

தண்ணீருக்கு 4 டிகிரியில்தான் அடர்த்தி அதிகம். அதனால் அந்தத் தண்ணீர் கீழே தங்கும், அதைவிடக் குளிர்ந்தது மேலே வந்து உறையும். மேலே பனிக்கட்டி மூடினாலும் அடியில் உங்கள் மீனுக்கு இடம் இருக்கிறது, 90 செ.மீ. ஆழம் அதற்காகத்தான். மீனைக் கொல்வது பெரும்பாலும் குளிர் இல்லை, மூடிய பனிக்கட்டி. அடியில் கிடக்கும் இலை தழை மக்கிக் கரியமில வாயுவும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் வரும். அது வெளியேற வழி வேண்டும், ஆக்சிஜன் உள்ளே வர வழி வேண்டும். ஆக, குளத்தையே சூடாக்க வேண்டாம். ஒரு துளையைத் திறந்து வைத்தால் போதும்.

அதற்கு மிதவை ஹீட்டரே சரி. உங்கள் ஊரில் மைனஸ் 5, மைனஸ் 8 என்று இருந்தால் 150–200 வாட் போதும். மைனஸ் 20 வரை இறங்கி வாரக்கணக்கில் நிற்கும் என்றால் 1000–1500 வாட் பாருங்கள், ஆனால் தெர்மோஸ்டாட் (வெப்பநிலை பார்த்துத் தானாக ஆன், ஆஃப் ஆகும் அமைப்பு) கட்டாயம். 150 வாட் நாள் முழுக்க ஓடினால் 3.6 யூனிட், 1500 வாட் ஓடினால் 36 யூனிட். தெர்மோஸ்டாட் இல்லாத மாடல் என்றால், 2 டிகிரிக்குப் பக்கத்தில் தானாக ஆன் ஆகி 7 டிகிரிக்குப் பக்கத்தில் ஆஃப் ஆகும் சாக்கெட் தனியாகக் கிடைக்கிறது, அதில் சொருகுங்கள். சூடாகும் பாகம் லைனரைத் தொடாதபடி கூண்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மீன்தொட்டிக் கண்ணாடி ஹீட்டர் இதற்கு ஆகவே ஆகாது.

மின்பணியாளர்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. 30 மில்லி ஆம்பியரில் டிரிப் ஆகும் ஆர்.சி.டி. (மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் கருவி) இல்லாமல் குளத்துக்குள் எந்த மின்சாதனமும் இறக்காதீர்கள். சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் புல்லில் போட்டு பாலித்தீன் கவர் சுற்றி வைப்பதைப் பல தோட்டங்களில் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம். வெளிப்புறத்துக்கென்றே செய்த மூடியுள்ள சாக்கெட்டைத் தரையிலிருந்து உயரத்தில் பொருத்துங்கள். தண்ணீரில் கை வைக்கும் முன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது.

தொட்டிமீன்:
தண்ணீரைச் சூடாக்கவே வேண்டாம் என்று எல்லாருக்கும் சொல்லிவிட முடியாது. புண் வந்த கோயைக் குளிர்த் தண்ணீரில் வைத்து மருந்து போட்டால் லேசில் ஆறாது. அதற்கு நான் குளத்தைத் தொடுவதே இல்லை. வீட்டுக்குள் 500 லிட்டர் தொட்டி, அதில் ஹீட்டர், நாளைக்கு ஓரிரு டிகிரிக்கு மேல் ஏற்றுவதில்லை. 500 லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற முக்கால் யூனிட்கூட ஆகாது. 30, 40 செ.மீ. ஆழத் தொட்டியில் மீன் வைத்திருப்பவர்களும் உறைபனிக்கு முன்பே உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். அந்த ஆழம் முழுக்க உறைந்துபோகக்கூடும்.

அல்லிக்குளம்:
ரொம்ப நன்றி. தீனியை நிறுத்திவிட்டேன். அண்ணா, எங்கள் ஊரில் மைனஸ் 10 தாண்டாது, 200 வாட் மிதவை எடுக்கிறேன். ஏர் பம்பும் இருக்கிறது. அதன் குழாய் முனையில் குமிழி விடும் ஏர் ஸ்டோன் இப்போது நட்டநடுவே அடியில் கிடக்கிறது, அப்படியே ஓடட்டுமா?

கோய்வளர்ப்பான்:
ஓடட்டும், ஆனால் அடியில் வேண்டாம். குமிழி அடித்தண்ணீரை மேலே இழுத்துக் கலக்கிவிடும், மீன் ஒதுங்கியிருக்கும் அந்த 4 டிகிரித் தண்ணீரும் குளிர்ந்துவிடும். ஸ்டோனை ஓரமாக, 20–30 செ.மீ. ஆழத்தில் தொங்கவிடுங்கள். மிதவையை அதே பக்கம் கயிற்றால் கட்டிவிடுங்கள், காற்று அடித்தால் கரையில் போய் ஒட்டிக்கொள்ளும்.

கரண்ட் போய்த் துளை மூடிவிட்டால் சுத்தியலை எடுத்து உடைக்காதீர்கள். அந்த அதிர்ச்சி தண்ணீருக்குள் மீனைப் போய்த் தாக்கும். ஒரு பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி, கைப்பிடியில் கயிறு கட்டிப் பனிக்கட்டி மேல் வையுங்கள், தானாக உருகித் துளை விழும். கரையில் நின்றபடியே வையுங்கள், பனிக்கட்டி மேல் கால் வைக்க வேண்டாம். மேலே பனி கொட்டியிருந்தால் கொஞ்சம் பெருக்கித் தள்ளுங்கள், வெளிச்சம் உள்ளே போனால் பாசி ஆக்சிஜன் கொடுக்கும். இந்த வாரமே வலை போட்டு அடியில் கிடக்கும் இலைகளை அள்ளிவிடுங்கள், மீனைக் கலைக்காமல் மெதுவாக.