31-30: அன்று ஆஸ்போர்ன் ஒரு புள்ளியை உதைத்து வாங்கியிருக்க வேண்டுமா?

கணக்குப்பிள்ளை:
1984 ஜனவரி 2 அன்று மயாமியில் நடந்த ஆரஞ்சு பௌல் ஆட்டத்தின் (பருவம் முடிந்தபின் தேர்ந்த அணிகள் மோதும் பௌல் ஆட்டங்களில் ஒன்று) முழுப் பதிவை நேற்றிரவு பார்த்தேன். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் அப்போது முதலிடத்தில் இருந்த நெப்ராஸ்காவும் ஐந்தாமிடத்து மயாமியும் மோதிய ஆட்டம். பார்க்காதவர்களுக்காகக் கடைசிக் கட்டத்தை மட்டும் சொல்கிறேன்.

மயாமி 31-24 என முன்னிலை. நெப்ராஸ்காவுக்கு நான்காவது முயற்சி, எட்டு கெஜம் வேண்டும், விட்டால் ஆட்டம் முடிந்தது. தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் டர்னர் கில் ஓடிக்கொண்டே பந்தைப் பக்கவாட்டில் ஜெஃப் ஸ்மித்திடம் தட்டிவிட்டார். ஸ்மித் 24 கெஜம் ஓடி, மைதானத்தின் கோடியில் உள்ள எண்ட் ஜோனுக்குள் பந்தைக் கொண்டுபோய் டச்டவுன் போட்டார், ஆறு புள்ளி. 31-30. கடிகாரத்தில் 48 விநாடி.

டச்டவுனுக்குப் பிறகு பந்தை உதைத்தால் ஒரு புள்ளி. அது ஏறக்குறைய கைக்கு வந்த புள்ளி. உதைக்காமல், மூன்று கெஜத் தூரத்திலிருந்து இன்னொரு தடவை எண்ட் ஜோனுக்குள் பந்தைக் கொண்டுபோனால் இரண்டு. கோச் டாம் ஆஸ்போர்ன் இரண்டைத் தேர்ந்தெடுத்தார். ஸ்மித்தை நோக்கிக் கில் வீசிய பந்தில் மயாமியின் கென் கால்ஹூன் கைபட்டது. அவ்வளவுதான்.

உதைத்திருந்தால் 31-31. ஆடிய 12 ஆட்டத்தையும் வென்று வந்த அணி, தோல்வியே இல்லாமல் பருவத்தை முடித்திருக்கும். இரண்டாமிடத்து டெக்சஸ் அன்று பகலிலேயே காட்டன் பௌலில் ஜார்ஜியாவிடம் 10-9 எனத் தோற்றிருந்தது. சமன் செய்தாலே தேசியப் பட்டம். பிள்ளைகள் ஒரு பருவம் முழுக்க உழைத்துச் சேர்த்ததை ஒருவருடைய கௌரவத்துக்காகப் பணயம் வைத்தது தவறு. நாற்பது வருடமாக அதை வீரம் என்று சொல்லி வருகிறோம்.

சோளக்காட்டான்:
"கௌரவம்"கிற வார்த்தையை நீங்க திரும்ப எடுத்துக்கணும் சார். நான் நெப்ராஸ்கா அணியோட ஊரான லிங்கன்ல குடியேறி பத்தொன்பது வருஷம் ஆச்சு. சனிக்கிழமை ஆட்டம்னா இங்க மெமோரியல் ஸ்டேடியத்துக்கு டிக்கெட் மிச்சம் இருக்காது, 1962லேர்ந்தே அப்படித்தான். அந்த மயாமி ஆட்டத்தை நேர்ல போய்ப் பார்த்த பெரியவர் ஒருத்தர் எங்க தெருவுல இருக்கார். தோத்ததை நினைச்சு இன்னிக்கும் அவருக்குக் குரல் கம்மும். ஆனா ஏன் உதைக்கலைன்னு ஒரு தடவைகூட என்கிட்ட கேட்டதில்லை.

சமனுக்காக ஆட நினைக்கவே இல்லைன்னு ஆஸ்போர்ன் அப்புறம் வெளிப்படையா சொன்னார். 12 ஆட்டம் ஜெயிச்சு வந்த பசங்க, பதிமூணாவதை டை பண்ணிட்டு எங்களுக்குப் பட்டம் குடுங்கன்னு கை நீட்டணுமா?

உங்க கணக்குலயும் ஒரு ஓட்டை இருக்கு. அப்போ இறுதிப்போட்டின்னு ஒண்ணே கிடையாது. பௌல் எல்லாம் முடிஞ்சப்புறம் ஏபி, யூபிஐங்கிற ரெண்டு செய்தி நிறுவனத்தோட தரவரிசைதான் பட்டம் யாருக்குன்னு சொல்லும். ஏபி பட்டியலுக்குப் பத்திரிகைக்காரங்களும், யூபிஐ பட்டியலுக்குக் கோச்சுகளும் ஓட்டுப் போடுவாங்க. மூணாமிடத்து ஆபர்ன் அன்னிக்கு சுகர் பௌல்ல மிஷிகனை 9-7ன்னு ஜெயிச்சுது. மொத்தம் 11 வெற்றி, ஒரே தோல்வி. அதுக்கு மேல இருந்த ரெண்டு பேரும் தோத்தாச்சு, வரிசைப்படி அதுதானே மேல வரணும்? அதைத் தாண்டி அஞ்சுலேர்ந்து மயாமி முதலிடத்துக்குப் போச்சு, ஆபர்ன் மூணுலயே நின்னுச்சு. இப்படி ஓட்டுப் போடறவங்க டை பண்ணின நெப்ராஸ்காவை என்ன பண்ணியிருப்பாங்கன்னு நீங்க எப்படி அடிச்சுச் சொல்றீங்க?

புதுவரவு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இரண்டு வருடமாகத்தான் இந்த விளையாட்டைப் பார்க்கிறேன். சமன் ஆனால் கூடுதல் நேரம் உண்டே, அப்புறம் எதற்கு இந்தப் பேச்சு?

கணக்குப்பிள்ளை:
அப்போது கிடையாது தம்பி. பௌல் ஆட்டங்களுக்குக் கூடுதல் நேரம் வந்தது 1995 பருவத்தில்தான், மற்ற ஆட்டங்களுக்கு 1996ல். அதற்கு முன்பு விசில் ஊதும்போது சமன் என்றால் சமன்தான்.

சோளக்காட்டான், உங்கள் கேள்விக்கு 1966ஐப் பாருங்கள். நவம்பர் 19, முதலிடத்து நோட்ர டாமும் இரண்டாமிடத்து மிஷிகன் ஸ்டேட்டும் மோதி 10-10. கடைசியில் பந்து கையில் இருந்தும் நோட்ர டாம் கோச் ஆரா பார்சீகியன் துணிந்து வீசச் சொல்லாமல் நேரத்தை ஓட்டினார். அதற்காக அவர் வாங்கிய வசவு கொஞ்சமில்லை. ஆனால் பட்டம் அவருக்குத்தான் வந்தது. அந்த வருடம் அலபாமா ஆடிய 11 ஆட்டத்தையும் வென்றது. ஒரு தோல்விகூட, ஒரு சமன்கூடக் கிடையாது. அதற்குக் கிடைத்தது மூன்றாமிடம். முதலிடத்தில் இருப்பவர் சமன் செய்தால் ஓட்டுப் போடுகிறவர்கள் அவரைக் கீழே இறக்கத் தயங்குவார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆரஞ்சுத்தோட்டம்:
ரெண்டு பேரும் பேசறதைப் படிச்சா, அன்னிக்கு மைதானத்துல நெப்ராஸ்கா மட்டும் தனியா ஆடின மாதிரி இருக்கு. மயாமி அந்தப் பட்டத்தைக் கீழே கிடந்து பொறுக்கல.

அந்த நெப்ராஸ்கா சாதாரண அணி இல்ல, ஒத்துக்கறேன். சராசரியா ஆட்டத்துக்கு 52 புள்ளி. மின்னசோட்டாவை 84-13ன்னு அடிச்சாங்க. அந்த வருஷத்து சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹெய்ஸ்மன் விருது வாங்கின மைக் ரோசியர், அந்தப் பக்கம் வீசற பந்தைப் பிடிக்கிற இர்விங் ஃப்ரையர். எதிர்ல நின்ன எங்க குவார்ட்டர்பேக் பெர்னி கோசார் ஒரு ஃப்ரெஷ்மன், முதல் வருஷ ஆட்டக்காரர்! பருவத்தோட முதல் ஆட்டத்துல ஃபுளோரிடாகிட்ட 28-3ன்னு அடிவாங்கின அணி, அதுக்கப்புறம் பத்தும் ஜெயிச்சு வந்துச்சு. அப்படிப்பட்ட நெப்ராஸ்கா மேல முதல் பகுதியிலயே 17-0. கோசார் 300 கெஜம் வீசினார். நெப்ராஸ்கா 17-17ன்னு எட்டிப் பிடிச்சப்பவும் எங்க பசங்க உடைஞ்சு போகல. திரும்ப ரெண்டு டச்டவுன், 31-17.

கால்ஹூனைப் பத்தி "கைபட்டது"ன்னு ஒரு வார்த்தையில முடிச்சிட்டீங்க. பந்து தானா போய் அவர் கையில படல. ஸ்மித்துக்கு வரும்னு கண்டுபிடிச்சு எட்டித் தட்டினார். ஆஸ்போர்ன் முடிவு சரியா தப்பான்னு வாதாடுங்க, ஆனா அந்தப் பந்து விழுந்ததுக்கு ஒரு ஆள் காரணம்.

சோளக்காட்டான்:
கால்ஹூன் விஷயத்துல நீங்க சொல்றது நியாயம்தான் அக்கா. ஆனா ஒண்ணை விட்டுட்டீங்க. ஆரஞ்சு பௌல் மைதானம் அப்போ உங்க சொந்த மைதானம், மயாமி வருஷம் பூரா ஆடின இடம். நெப்ராஸ்கா ஆடின பிக் எய்ட் கூட்டமைப்போட சாம்பியன் ஆரஞ்சு பௌலுக்குத்தான் போகணும்ங்கிற ஏற்பாட்டால, முதலிடத்துல இருந்த அணி எதிராளி வீட்டுக்குள்ள போய் ஆட வேண்டியதாச்சு. டெக்சஸ் காட்டன் பௌலுக்குக் கட்டுப்பட்டது. அதனால ஒண்ணும் ரெண்டும் மோதவே வழியில்லாம போச்சு. மூணாவது கால்பகுதியில 147 கெஜம் ஓடியிருந்த ரோசியர் கணுக்கால் அடிபட்டு வெளியே போயிட்டார். அவர் இடத்துக்கு வந்தவர்தான் ஸ்மித்.

கரும்பலகை:
முப்பது வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் என்ற உரிமையில் வருகிறேன். 48 விநாடி இருக்கும்போது எடுத்த முடிவைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். தப்பு நடந்தது அதற்கு முந்தைய டச்டவுனில்.

ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தபோது நெப்ராஸ்கா 31-17 எனப் பின்தங்கியிருந்தது. ஸ்மித் ஒரு டச்டவுன் போட்டார், 31-23. வழக்கப்படி உதைத்து 31-24 ஆக்கினார்கள். அங்கேயே இரண்டுக்குப் போயிருக்க வேண்டும்.

கணக்குக்காக, இரண்டு புள்ளி முயற்சி நூற்றுக்கு நாற்பது தடவை பலிக்கும் என்று வைத்துக்கொள்வோம். உதை தவறாது, இன்னொரு டச்டவுனும் வந்துவிடும் என்றும் வைத்துக்கொள்வோம். முதல் டச்டவுனிலேயே இரண்டுக்குப் போனால் நூற்றில் நாற்பது தடவை 31-25. கடைசி டச்டவுனுக்குப் பிறகு சும்மா உதைத்தாலே 32-31, வெற்றி. மற்ற அறுபது தடவை 31-23லேயே நிற்கும். அப்போதும் கதை முடியவில்லை. கடைசி டச்டவுனுக்குப் பிறகு இன்னொரு தடவை இரண்டுக்குப் போகலாம், அந்த அறுபதில் இருபத்துநான்கு தடவை 31-31. தோல்வி முப்பத்தாறு தடவை மட்டும்.

ஆஸ்போர்ன் போன வழியில்? நாற்பது வெற்றி, அறுபது தோல்வி. அதே நாற்பது வெற்றியை வைத்துக்கொண்டே இருபத்துநான்கு தோல்வியைச் சமனாக மாற்றியிருக்கலாம். வெல்லத்தான் வேண்டும் என்பவருக்கும் இது நல்ல வழி, பட்டம் போதும் என்பவருக்கும் நல்ல வழி. நாற்பதுக்குப் பதில் வேறு எண் போட்டுப் பாருங்கள், வெற்றி குறையாது. தோல்விதான் குறையும்.

இரண்டு புள்ளி விதி கல்லூரிக் கால்பந்துக்கு 1958லேயே வந்துவிட்டது. இந்தக் கணக்குக்குக் கணினி தேவையில்லை, ஒரு காகிதம் போதும்.

சோளக்காட்டான்:
ஐயா, ரெண்டு தடவை படிச்சேன். எதிர்த்து எழுத உட்கார்ந்தா கை ஓடல. ஒண்ணே ஒண்ணு சொல்லத் தோணுது. ஏழு நிமிஷம் இருக்கறப்போ இன்னும் ஒரே டச்டவுன்தான் வரும்னு யாருக்குத் தெரியும்? அதுக்கு நடுவுல மயாமி 42 கெஜத்துலேர்ந்து ஒரு ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவுல உதைச்சா மூணு புள்ளி) உதைச்சுத் தவறவிட்டாங்க. அது உள்ளே போயிருந்தா 34-24, ஆட்டமே முடிஞ்சிருக்கும். கடைசி ஓட்டத்துல எண்ட் ஜோன்ல தனியா நின்ன ஃப்ரையர் கையிலேர்ந்து ஒரு பந்து நழுவிச்சு. அந்தப் பரபரப்புக்கு நடுவுல நாற்பது, அறுபதுன்னு யோசிக்க முடியுமா?

கரும்பலகை:
பரபரப்பில் யோசிக்க முடியாது என்பதால்தான் முந்தைய நாளே காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அதே ஆட்டத்தில் கில் பந்தைத் தரையில் வைத்துவிட, வழக்கமாகப் பந்தைத் தொடாத முன்வரிசைத் தடுப்பாளர் (கார்ட்) டீன் ஸ்டைன்குலர் அதை எடுத்துக்கொண்டு 19 கெஜம் ஓடி டச்டவுன் போட்டாரே, அந்தத் தந்திரத்தை அவர்கள் முன்கூட்டியே பழகி வந்திருந்தார்கள் அல்லவா? இதையும் பழகியிருக்கலாம்.

கணக்குப்பிள்ளை:
கரும்பலகை ஐயாவின் கணக்கை ஏற்கிறேன். ஆனால் அது முதல் டச்டவுனோடு முடிந்துபோன விஷயம். 48 விநாடியில், 31-30ல் நிற்கிறோம் என்றால் என் பதில் மாறவில்லை: உதை.

சோளக்காட்டான்:
உதைச்சவங்க கதையையும் பாருங்க. 1988 சுகர் பௌல். சைரக்யூஸ் 11 ஆட்டமும் ஜெயிச்சு வந்த அணி. கடைசி விநாடிகள்ல ஆபர்ன் கோச் பாட் டை ஃபீல்ட் கோல் உதைக்கச் சொல்லி 16-16ன்னு டை பண்ணினார். கோபப்பட்ட சைரக்யூஸ் ரசிகர்கள் அவருக்குக் கழுத்துல கட்டற டைகளா தபால்ல அனுப்பினாங்க. அந்த ஆட்டத்தைப் பத்தி யார் பேசினாலும் அந்த டைதான் ஞாபகம் வருது.

இன்னொண்ணு. 1995 ஜனவரி 1, அதே ஆரஞ்சு பௌல், அதே மைதானம், அதே மயாமி. நாலாவது கால்பகுதியில நெப்ராஸ்கா 17-9ன்னு பின்னால. கோரி ஷ்லெசிங்கர் டச்டவுன் போட்டார், 17-15. ஆஸ்போர்ன் திரும்பவும் ரெண்டுக்குப் போனார். டாமி ஃப்ரேஸர் வீசினதை எரிக் ஆல்ஃபர்ட் பிடிச்சுட்டார். 17-17. ஷ்லெசிங்கரே இன்னொரு டச்டவுன் போட்டு 24-17. 1973லேர்ந்து கோச்சா இருந்த ஆஸ்போர்னுக்கு அதுதான் முதல் பட்டம்.

ஆரஞ்சுத்தோட்டம்:
அந்த ராத்திரி எங்க வீட்டுல யாரும் சாப்பிடல. ஆனா ஆல்ஃபர்ட் அதைப் பிடிச்சப்போ, பதினோரு வருஷமா அந்த மனுஷனுக்காக அந்தப் பந்து காத்திருந்த மாதிரி எனக்கே தோணுச்சு.

கணக்குப்பிள்ளை:
1995ல் அவருக்கு வேறு நல்ல வழி இல்லை. உதைத்தால் 17-16, அப்போதும் பின்னால்தான். சமன் செய்வதற்காக இரண்டுக்குப் போவதும், கையில் இருக்கும் சமனை விட்டுவிட்டு இரண்டுக்குப் போவதும் ஒன்றல்ல.

ஆனால் 255 வெற்றி, 49 தோல்வி, 3 சமன் என்று அவருடைய மொத்தக் கணக்கை இப்போது பார்த்தேன். 307 ஆட்டத்தில் மூன்றே மூன்று சமன். "கௌரவம்" என்று நான் எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், சோளக்காட்டான். உதைத்திருக்க வேண்டும் என்பதை அல்ல.