மறு: ‘குழப்பும் மாறி’க்கு மாற்றுச் சொல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். ஆய்வில் நாம் பார்க்கும் காரணத்தோடு தொடர்புகொண்டு, முடிவையும் பாதித்து, எதனால் எது நடந்தது என்று பிரிக்க விடாத மூன்றாவது ஒன்றை ஆங்கிலத்தில் confounding variable என்கிறோம். அதற்கு வழங்கும் ‘குழப்பும் மாறி’க்குப் பதிலாக ‘மயக்கு மாறி’ என்று நான் முன்மொழிந்ததற்கு வந்த மறுமொழிகளுக்கு இது பதில்.

> ‘குழப்பும் மாறி’ போதும் ஐயா. கேட்டவுடன் எல்லோருக்கும் புரிகிறதே.

புரிகிறது, தவறாக. கேரளத்தின் தேவிகுளம் வட்டத்தில் ஆய்வுக்கு வழிகாட்டும் எனக்கு இது அன்றாடத் தலைவலி. ‘குழப்பும்’ என்றதும் தரவில் ஏதோ பிழை, வினாத்தாளைச் சரியாக நிரப்பவில்லை என்று மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள்.

தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் மலையாள வழிப் பிள்ளைகளைவிடக் கணக்கில் பின்தங்குவதாக ஓர் ஆய்வு காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். தமிழ் வழியில் படிப்பவர்களில் பலர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து வருபவர்கள். மாலையில் மூணாறுக்கு டியூஷன் போக ஜீப் கிடையாது. போனாலும் கட்டணத்துக்கு வழியில்லை. குடும்ப நிலை பயிற்றுமொழியோடும் தொடர்புடையது, மதிப்பெண்ணையும் பாதிக்கிறது. பயிற்றுமொழிக்கு உரிய விளைவு எது, வறுமைக்கு உரியது எது என்று பிரிக்க முடியாமல் இரண்டும் கலந்து நிற்கின்றன. லயத்துப் பிள்ளைகளை மட்டும் எடுத்து, அவர்களுக்குள் இரு வழிகளையும் ஒப்பிட்டால் அந்தக் கலப்பு பெருமளவு விலகும். தரவு சரி, கணக்கும் சரி. கலந்திருப்பவை விளைவுகள். அதைச் சொல்லாத சொல் எதற்கு?

அதனால்தான் ‘மயக்கம்’ என்றேன். மெய்ம்மயக்கம், திணைமயக்கம் என்று இலக்கணத்தில் படித்த சொல்தான். அங்கே யாரும் தலைசுற்றி விழவில்லை. தனித்தனியாக இருப்பவை கூடி வருவதுதான் பொருள்.

> எங்கள் துறையில் இது குறையே அல்ல, உத்தி. ‘குழப்பம்’ என்று எழுதக் கை கூசுகிறது.

ஏலக்காய் ஆராய்ச்சியில் இருக்கும் நண்பர் எழுதிய இந்த வரிதான் என்னை முழுக்க ஒப்புக்கொள்ள வைத்தது. உரம், நிழல், பாசனம் மூன்றையும் இரண்டிரண்டு நிலைகளில் சோதித்தால் எட்டுச் சேர்க்கைகள் வரும். மலைச்சரிவில் எட்டுப் பாத்திக்கும் ஒரே மாதிரி மண் எங்கே கிடைக்கும்? நான்கு நான்காக இரண்டு தொகுதிகளாகப் பிரித்து, மூன்றும் சேர்ந்து தரும் ஊடுவிளைவை (தனித்தனி விளைவுகளுக்கும் இரண்டிரண்டாகச் சேரும் விளைவுகளுக்கும் மேலாக வருவதை) தொகுதி வேறுபாட்டோடு வேண்டுமென்றே கலக்க விடுகிறார்கள். பெரும்பாலும் அற்பமாக இருக்கும் அந்த ஒன்றை இழந்தால், மற்ற விளைவுகள் எல்லாம் தெளிவாகக் கிடைக்கும். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சிப் பண்ணையில் புள்ளியியலாளர் ஃபிஷரும் அவருக்குப் பின் யேட்ஸும் வளர்த்தெடுத்த முறை இது. பள்ளி ஆய்வுக்கும் ஏலத் தோட்டத்துக்கும் ஒரே சொல் வேண்டுமானால் அதில் பழிச்சொல்லின் வாடை இருக்கக் கூடாது.

> ‘மயக்கு மாறி’ என்றால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

குமுளி மருத்துவர் அம்மா சொல்வது நியாயம். மலையாளத்தில் ‘மயக்குமருந்து’ என்றால் போதைப்பொருள். சுவரெல்லாம் அதற்கு எதிரான சுவரொட்டி. சென்னையில் உட்கார்ந்து சொல்லாக்குபவர்களுக்கு இது தோன்றாது. எனவே ‘மயக்கு’வை விட்டுவிட்டு, காரணியை ‘மயங்கு காரணி’ என்றும் நிகழ்வை ‘விளைவு மயக்கம்’ என்றும் வைக்கலாம். ‘மாறி’யைவிடக் ‘காரணி’ பொருந்தும். மாறியெல்லாம் மயங்குவதில்லை, விளைவோடு காரண உறவு வேண்டும். இடைவழியில் நிற்பதும் இதில் சேராது. தமிழ் வழியில் படித்ததால் நல்ல பயிற்சி நூல் கிடைக்கவில்லை, அதனால் மதிப்பெண் குறைந்தது என்றால், நூல் இல்லாமை மயங்கு காரணி அல்ல, இடையீட்டுக் காரணி.

இன்னொன்று பாக்கி. புகையிலைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950களின் இறுதியில் ஃபிஷர் ஏற்க மறுத்தார். புகைக்கத் தூண்டுவதும் புற்றைத் தருவதும் ஒரே மரபுக்கூறாக இருக்கலாம் என்றார். 1959இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் கார்ன்ஃபீல்டும் உடன் எழுதியவர்களும் பதில் தந்தார்கள்: புகைப்பவருக்கு ஆபத்து ஒன்பது மடங்கு என்றால், அதை முழுதும் விளக்கும் கூறு புகைப்பவரிடம் குறைந்தது ஒன்பது மடங்கு மிகுதியாக இருந்தாக வேண்டும். அப்படி ஒன்றை யாரும் காட்டவில்லை. இப்படி அளக்கப்படாமல் ஒளிந்திருப்பதாகச் சந்தேகிக்கப்படுவதற்கும் சொல் தேவை. ‘மறைமயக்கம்’ சரிவருமா? ‘மறை’ என்றதும் வேதம் நினைவுக்கு வரும் என்பவர்கள் வேறு சொல் தாருங்கள்.