புதுப்பிப்பு: கல்யாண போட்டோவில் எனக்கென்று ஒரு பாணி, கடைசியில் எது கைகொடுத்தது

நான் எடுக்கும் கல்யாணப் படங்கள் கும்பகோணத்தில் எல்லாரும் எடுப்பது போலவே இருக்கின்றன, எனக்கென்று ஒரு பாணி எப்படி வரும் என்று நான்கு மாதம் முன்னால் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

காசு கொடுத்து வாங்கிய பிரீசெட் (ஒரே கிளிக்கில் படத்தின் நிறத்தை மாற்றும் ரெடிமேட் செட்டிங்) சரிவரவில்லை. மஞ்சள் பூசிய முகமும் அரக்குப் பட்டும் ஒரே ஆரஞ்சாகிவிட்டன. கைகொடுத்தது, "உனக்கே பிடித்த 50 படங்களை பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்பிப் பார்" என்று ஒரு அண்ணன் சொன்ன யோசனைதான். பரப்பினேன். பாதிக்கு மேல் கைகள்! தாரை வார்க்கும்போது அப்பாவின் விரலிடுக்கில் வழியும் தண்ணீர், தவில்காரர் விரல்களில் மாட்டியிருக்கும் கூடு, அட்சதையை இறுக்கிப் பிடித்திருக்கும் ஒரு பாட்டியின் கை. என் கண் எங்கே போகிறது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

அப்புறம் திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் மூன்று கல்யாணங்களில் முகூர்த்தம் முழுக்க 35 எம்எம் லென்ஸ் மட்டும்தான், ஃபிளாஷ் இல்லை, ஜன்னல் வெளிச்சம் விழும் பக்கமாக நின்று கிட்டப் போய் எடுத்தேன்.

எதிர்பாராதவை இரண்டு. குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்பவர்கள் முகம் இழுபட்டுத் தெரிந்தது, அதற்கு 50 எம்எம் மாற்றிவிடுங்கள். ராத்திரி ரிசப்ஷனில் எல்இடி விளக்கால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழுந்தன. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் இந்த விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுக்கும், அதனால் ஷட்டர் வேகத்தை 1/100 நொடிக்கு இறக்கியதும் பட்டைகள் பெரும்பாலும் போய்விட்டன.

மயிலாடுதுறை வீட்டில் தாரை வார்த்த கையைத்தான் பெரிதாக பிரேம் போட்டுக் கேட்டிருக்கிறார்கள்.