டெஸ்ட் கேஸ் எழுதும் ப்ராம்ப்ட்டை எப்படிப் பிரிப்பது?

கோவையில், ஒரு வங்கிச் செயலியின் பணப் பரிமாற்றப் பகுதியைச் சோதிக்கும் குழுவில் இருக்கிறேன். செயலி எப்படி இயங்க வேண்டும் என்று கூறும் தேவை ஆவணத்தையும் ப்ராம்ப்ட்டையும் (மாதிரிக்கு இடும் கட்டளை) கொடுத்து, செயற்கை நுண்ணறிவு மாதிரியிடம் டெஸ்ட் கேஸ்களை (எந்த உள்ளீட்டுக்கு என்ன முடிவு வர வேண்டும் என்ற சோதனைக் குறிப்புகளை) எழுதி வாங்கும் முறையைச் சென்ற மாதம் தொடங்கினோம். எண்ணிக்கைக்குக் குறைவில்லை, பயன்படுபவை மிகச் சில.

பெரிய தொகைகளை உடனுக்குடன் அனுப்பும் ஆர்டிஜிஎஸ் பரிமாற்றத்துக்குக் குறைந்தபட்சத் தொகை 2 லட்சம் ரூபாய் என்று ஆவணத்தில் தெளிவாக இருந்தும், 1,99,999.99, 2,00,000 ஆகிய எல்லை மதிப்புகளை விட்டுவிட்டு, 50,000, 5,00,000 போன்ற தொகைகளையே அது திரும்பத் திரும்பத் தருகிறது. வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 எழுத்துகள் உள்ளனவா என்று சோதிக்கிறதே தவிர, ஐந்தாம் இடத்தில் பூஜ்யத்துக்குப் பதிலாக ஆங்கில ‘ஓ’ இடப்பட்டால் என்ன ஆகும் என்பதைத் தொடுவதேயில்லை. வாடிக்கையாளர் எளிதில் செய்யக்கூடிய தவறு அதுதான். எதிர்பார்க்கும் முடிவோ “பொருத்தமான பிழைச் செய்தி தோன்ற வேண்டும்” என்பதோடு நின்றுவிடுகிறது. அதை வைத்துப் பாஸ், ஃபெயில் என்று யாராலும் குறிக்க முடியாது.

“அனுபவமிக்க சோதனையாளராகச் செயல்படு” என்று தொடங்கிப் பார்த்தேன். நடை மட்டுமே மாறியது. பதில் எவ்வளவு மாறுபடலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் டெம்பரேச்சர் அமைப்பைப் பூஜ்யமாக்கியபோது அதே குறைகள் சீராக வந்தன. நல்ல டெஸ்ட் கேஸ்களை எடுத்துக்காட்டாகச் சேர்த்தபோது அவற்றையே எண் மாற்றித் தந்ததுடன், ஆவணத்தில் இல்லாத ஓடிபி விதி ஒன்றையும் புகுத்தியது. ஒரே ஒரு விதியைத் தனியே கொடுத்தால் மட்டும் எல்லை மதிப்புகள் சரியாக வருகின்றன.

விதிகளை எண்ணிட்டுப் பிரித்தல், எல்லை மதிப்புகளை அட்டவணையிடல், டெஸ்ட் கேஸ் எழுதுதல் என மூன்று ப்ராம்ப்ட்டுகளாக இயக்குபவர்கள், எந்த விதியும் விடுபடாதிருக்க ஒரு படியின் வெளியீட்டை அடுத்த படிக்கு எந்த வடிவில் கொடுக்கிறீர்கள்?