பதிவுக் கடைநிரை: ஒரு முன்மொழிவு

வணக்கம்.

எக்ஸெல் தாளில் பதிவுகள் எந்த நிரையோடு (row) முடிகின்றன என்பதை மேக்ரோ (தாளில் வேலையைத் தானாகச் செய்யும் கட்டளைத் தொகுப்பு) எழுதுவோர் நாள்தோறும் தேடுகிறார்கள். அந்த நிரைக்குத் தமிழில் என்ன பெயர் என்ற பேச்சில், ‘கடைசி நிரை’ என்றே வைத்துவிடலாம் என்பதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. எக்ஸெல் தாளின் கடைசி நிரை 10,48,576. 97 முதல் 2003 வரையிலான பதிப்புகளில் அது 65,536. தாள் வெறுமையாகக் கிடந்தாலும் இந்த எண் மாறாது. நாம் பெயர் தேடுவது எழுத்து நின்ற இடத்துக்கு.

குலசேகரம் பக்கம் சிறு தோட்டக்காரர் ஒருவரின் ரப்பர் கணக்குக்கு மேக்ரோ எழுதிக் கொடுத்தேன். முதல் நிரலில் (column) மாதம் முழுவதற்கும் தேதி முன்கூட்டியே போட்டிருப்பார். இரண்டாம் நிரலில் ரப்பர் ஷீட்டின் எடை. மழை பெய்து பால்வெட்டு நின்ற நாளில் எடைக் கட்டம் காலி. மேலிருந்து கீழே தேடினால் முதல் மழைநாளிலேயே மேக்ரோ நின்றுவிடும். அதனால்தான் தாளின் அடிக்குப் போய், அங்கிருந்து ‘எண்ட் எக்ஸ்எல்அப்’ (End(xlUp)) என்ற மேக்ரோ கட்டளையால், பதிவுள்ள கட்டம் வரும் வரை மேலே ஏறுகிறோம். கன்ட்ரோல் விசையும் மேல் அம்புக்குறியும் சேர்ந்து செய்யும் அதே வேலைதான். அதையும் தேதி நிரலில் செய்தால் மாதக் கடைசியில் போய் முட்டும். எடை நிரலில்தான் செய்ய வேண்டும். ஆகவே எந்த நிரலுக்கு என்று சேர்த்துச் சொல்ல இடம் தரும் சொல் நமக்குத் தேவை.

‘பயன்படுத்திய கடைசி நிரை’யும் சரிவராது. தாளில் பயன்படுத்திய பகுதியைக் காட்டும் ‘யூஸ்டு ரேஞ்ச்’ (UsedRange) வெறும் நிறம் பூசிய கட்டத்தையும் பயன்படுத்தியதாகவே எடுத்துக்கொள்ளும். அவர் 200ஆம் நிரை வரை மஞ்சள் பூசி வைத்திருந்தார். என் முதல் மேக்ரோ அன்றைய 14 கிலோவை 201இல் எழுதிவிட்டது. பதிவு தொலைந்துவிட்டதென்று நினைத்து, பழைய நோட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

‘கடைவரம்பு’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். எங்கள் மாவட்டத்தில் பேச்சிப்பாறை அணை திறந்ததும் எழும் கேள்வி, கடைவரம்புக்குத் தண்ணீர் வந்ததா என்பதுதான். கைவிட மனமில்லாத சொல். ஆனால் தண்ணீர் எட்டாத ஆண்டிலும் கடைவரம்பு கடைவரம்புதான்; அது கால்வாயின் முடிவு. எனவே 10,48,576ஆம் நிரையைத் ‘தாளின் கடைவரம்பு’ என்போம்.

நாம் தேடும் நிரைக்கு என் முன்மொழிவு: பதிவுக் கடைநிரை. ‘கடைசி’ என்றால் காலமும் கலந்துவிடும். இன்று 40ஆம் நிரையைத் திருத்தினால் கடைசியாகப் பதிந்தது அதுவே. ‘கடை’யோ கடைமடை, கடைக்கோடி, கடைக்கண் என்று இடத்தைத்தான் சுட்டும். ‘எடை நிரலின் பதிவுக் கடைநிரை’ என்று சொல்லிப் பாருங்கள், தடங்கல் இல்லை.

கண்ணுக்கு வெறுமையாகத் தெரியும் சூத்திரக் கட்டத்திலும் ‘எண்ட்’ நின்றுவிடும். அதுவும் பதிவா என்று கேட்பீர்கள். சூத்திரத்தை யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே அதையும் பதிவு என்றே கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.